பால்கேன் கல்லுக்கு எந்த இடம்?

ஒரு கல்லுக்கு மூன்று பேர் மூன்று இடம் சொன்னார்கள். மூவருமே நல்லவர்கள், அதுதான் தொல்லை. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் வழியிலேயே கிடக்கிறது.

வல்லக்குளம் ரோடு என்று ஒரு ரயில் நிலையம். நூறு வயதைத் தாண்டியது. ஓட்டுக் கூரை, வளைவு வாசல்கள், தாழ்ந்த நடைமேடை. அந்த மேடையின் ஓரக்கற்களில் ஒன்றுக்குப் பால்கேன் கல் என்று பெயர். காலை வண்டிக்குப் போகும் பால்கேன்களைப் போர்ட்டர்கள் அதன்மேல் இழுத்து இழுத்து, உள்ளங்கை அடங்கும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

ஹெலனுக்கு அந்தப் பள்ளம் என்றால் அம்மா ஞாபகம்தான். அப்பா சற்குணம் அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த நாளில், அம்மா பாக்கியம் சாயங்காலம் கருப்பட்டிக் காபியைத் தூக்கில் எடுத்துக்கொண்டு வருவாள். அடி நசுங்கிய தூக்கு, வேறெங்கே வைத்தாலும் ஆடும். பள்ளத்தில் வைத்தால் மட்டும் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். ஆறு மணி வண்டி போனதும் மூவரும் அந்தக் கல்லைச் சுற்றி உட்கார்ந்து குடிப்பார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் காபி குடித்துவிட்டாள் ஹெலன். அந்த ருசி திரும்பக் கிடைக்கவே இல்லை.

மாஸ்டர் அறையில் இதே மேடையில் எடுத்த ஒரு பழைய போட்டோ மாட்டியிருக்கும். தலைப்பாகை கட்டிய நாலு பேர் தண்டவாளத்துக்குச் சமமாக நிற்பார்கள். மேடை இருப்பதே தெரியாது. "போட்டோ பிடிச்சவனுக்குக் கேமராவை எங்க வைக்கணும்னே தெரியலை" என்று சற்குணம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மேடை கீழே, வண்டியின் படி மேலே. வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் ஏறப் படுகிற பாட்டைப் பார்த்து, அவரே தச்சனிடம் சொல்லி ஒரு மரமுக்காலி செய்து வைத்திருந்தார். யார் திணறினாலும் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முக்காலியோடு ஓடுவார். கடைசிக் காலத்தில், முட்டி தேய்ந்துபோன பாக்கியத்துக்கு அந்த முக்காலியும் உதவவில்லை. கொல்லத்திலிருந்த தங்கையைப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள்.

ஹெலன் ரயில்வேயில் இன்ஜினியர் ஆனாள். அந்த நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை அவள் தலையிலேயே வந்து விழுந்தது. பழைய கட்டிடத்தில் கை வைக்கக் கூடாது என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டி உத்தரவு வாங்கினாள். வாசல்கள் புதையாதபடி சரிவு விட்டு, மேடையை இரண்டடி உயர்த்துவது என்று முடிவானது.

"எல்லாம் செய்யி, பிள்ள. அந்தக் கல்லை மட்டும் அசைக்காத" என்றார் சற்குணம்.

"அசைக்க மாட்டேன்ப்பா" என்று அவர் கையில் அடித்துக் கொடுத்தாள். பாசத்தில் கொடுத்த வாக்கு. வரைபடத்தைப் பார்த்துக் கொடுத்ததல்ல.

மேடைக்குக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தின நாள் வந்தது. ஹெலனும் சற்குணமும் வேலை ஆட்களும் கல்லைச் சுற்றி நின்றார்கள்.

கான்டிராக்டர் வேலாயுதம் சொன்னார்: "மேடம், மேல மணலைக் கொட்டி மூடிருவோம். கல்லு அசையாம அங்கனயே கெடக்கும். உங்க வாக்கும் நிக்கும்."

"புதைச்சுட்டு, அசைக்கலைப்பான்னு எந்த மூஞ்சிய வச்சுச் சொல்லுவேன்?" என்றாள் ஹெலன்.

சற்குணம் சொன்னார்: "அந்த ஒரு இடத்த மட்டும் உயர்த்தாம விடு. சுத்திக் கம்பி போட்டுரு."

"பொதுப்பெட்டி வாசல் சரியா அங்கதான்ப்பா வந்து நிக்கி. அதுல ஏறுதவங்க என்ன செய்வாங்க?"

அவர் தூரத்துச் சிக்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொத்தனார் இசக்கிமுத்து சொன்னார்: "பேத்து எடுத்துப் புது மேடை ஓரத்துல வச்சிருவோம், ஐயா. நாலு பேரு மிதிச்சாத்தான அது கல்லு."

"நல்லா இருக்கே! ஸ்டேஷன் பொறந்த நாள்ல இருந்து அது அந்த இடத்துலதாம்வே இருக்கு" என்று சற்குணம் சீறினார்.

இசக்கிமுத்து தண்டவாளத்துப் பக்கம் இறங்கி, கல்லுக்கடியில் சாந்து உதிர்ந்திருந்த சந்தில் கையை விட்டார். விட்ட கை அங்கேயே நின்றது. ஹெலனைக் கூப்பிட்டு, அவளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கல்லின் அடிப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருந்தது. மேலே இருப்பதைப்போலவே வழவழப்பு, உள்ளங்கை அடங்கும் அளவு.

ஹெலன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். கதை இங்கே நிற்கிறது. மூடச் சொன்னவர், விட்டுவிடச் சொன்னவர், பெயர்க்கச் சொன்னவர்: இதில் யார் சொன்னது சரி? கொடுத்த வாக்கு பொய்க்காமல் ஹெலன் அதைச் செய்வது எப்படி?

விடை: இசக்கிமுத்து சொன்னதே சரி. மண்ணைப் பார்த்துக் கிடக்கிற முகம் தானாகத் தேயாது. ஒரு காலத்தில் அது மேலே இருந்திருக்கிறது. போட்டோ பிடித்தவனும் தப்புச் செய்யவில்லை, அன்றைக்கு மேடை அவ்வளவு தாழ்வுதான். யாரோ ஒரு கொத்தனார், தேய்ந்த வாசற்படியைத் திருப்பிப் போடுவதுபோல, அதே கல்லைப் புரட்டி உயர்த்தி வைத்திருக்கிறார், யாரோ சிலருடைய முட்டிக்காக. இனி வாக்கு. கொடுத்தவள் அதை மீறக் கூடாது. வாங்கியவர் திருப்பித் தரலாம். ஹெலன் அப்பாவின் கையைப் பிடித்துக் கல்லுக்கடியில் விட்டாள். சற்குணம் வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது. "எடுத்துப் புரட்டி மேல வைங்கவே" என்றார். "நம்ம பள்ளம் இனி கீழ இருக்கட்டும். முன்னால உள்ளவங்க தேய்ச்சதும் கொஞ்சம் வெயில் பாக்கட்டும். உங்கம்மா தூக்கு இதுலயும் ஆடாம நிக்கும், பிள்ள."