மோப்பக் கருவிக்குப் பாடம் சொன்னவர்

“என் கருவியில என்ன குறை, மேடம்? சொல்லுங்க!”

தவசிமுத்து குதித்துக்கொண்டு வந்தார். அவருக்குக் கருவி வேலை சொல்லிக்கொடுத்த எமிமாள் மேடம் அவரைவிட நாலு வயது இளையவர். இருந்தால் என்ன, குரு குருதானே.

பன்றிக்கறியை மோந்து பார்க்கிற கருவி அது. காயடிக்காத ஆண் பன்றிகளில் சிலதின் கறி, சூடு பட்டால் நாறும். ஒன்று சாண நாற்றம், இன்னொன்று மூத்திர நாற்றம். அந்தப் பயத்தில்தான் பண்ணையில் குட்டியிலேயே எல்லாவற்றுக்கும் காயடித்துவிடுகிறார்கள்.

நாறுவதைக் கறி ஆலையிலேயே பிடித்துத் தள்ளிவிட்டால்? அத்தனை குட்டிகளும் காயடிக்கிற கத்திக்குத் தப்பும்! அதை நினைத்தாலே தவசிக்குத் தூக்கம் வராது.

“இன்னைக்கு மேனேஜர் சரின்னுட்டா, நாளைக்கே ஆலையில மாட்டிரலாம்!”

“கருவிக்கு யாரு பாடம் சொன்னது?”

“நானேதான்! துண்டு துண்டா மோந்து பார்த்து, இது நல்லது, இது நாத்தம்னு சொல்லிக் கொடுத்தேன்.”

“வேற யாரும் மோந்து பார்க்கலையா?”

“எதுக்கு மேடம்? ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. கருவி குழம்பிரும்.”

சொல்லும்போதே பெருமை தாங்கவில்லை மனுஷனுக்கு.

மேடம் எழுந்தார். காயடிக்காத பன்றியின் ஒரு துண்டுக் கொழுப்பை எடுத்து மேஜையில் வைத்தார். மேனேஜரையும் கறி வெட்டுகிறவர்களையும் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் கொழுப்பில் வைத்தார்.

சொய்ங்!

புகை எழும்பியது. தவசி ஓடிப்போய்க் கருவியை அதன்மேல் பிடித்தார்.

பச்சை விளக்கு எரிந்தது.

“நல்ல கறி! நல்ல கறி!” குனிந்து தானும் மூச்சை நன்றாக இழுத்தார். “ஒரு வாடை உண்டா? நம்ம கருவி சொன்னா சொன்னதுதான். பாத்தீங்களா, சார்?”



தவசி திரும்பினார். கதவு திறந்து கிடந்தது. மேனேஜர் வாசலில் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தார். “அய்யய்யோ, மூத்திரம்! மூத்திரம்!” என்று கத்திக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். மேடம்கூட முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேதான் நின்றார்.

உள்ளே தவசியும் கருவியும் மட்டும்.

பச்சை விளக்கைப் பார்த்தார். கொழுப்பை மூக்கோடு வைத்து மறுபடி மோந்தார். சாண நாற்றத்தை உடனே பிடித்துவிடுகிற மூக்குதான்; இந்த மூத்திர நாற்றம் மட்டும் அதில் ஏறவே இல்லை.

“மேடம்!” அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தார். “கருவி நல்லாத்தான் படிச்சிருக்கு மேடம்! வாத்தியாருக்குத்தான் மூக்கு இல்ல!”