தெரியாத டிஸ்க்கு

பெருந்துறைச் சாலையில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதன் தலைவியை எல்லோரும் உமையம்மை என்று அழைத்தார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

அப்படி ஒரு சீடர் சென்னியப்பன். ஈரோட்டில் சினிமா டிஸ்க் விற்கும் கடைக்காரர். ஒரு நாள் காலை, ஒரு கையில் மைசூர்பாகு டப்பாவும் இன்னொரு கையில் புத்தம் புது டிஸ்க் பிளேயருமாக மடத்துக்கு வந்தார்.

"வாங்கண்ணா. என்ன விசேஷம்?" என்றார் அம்மை.

"ஜெயிச்சுட்டோமுங்கம்மா."

"யாரை?"

சென்னியப்பன் டப்பாவைத் திறந்து நீட்டினார்.

அம்மைக்குத் தெரிந்த கதைதான். சென்னியப்பனும் அவர் மனைவியின் தம்பி குழந்தைவேலும் சேர்ந்து நடத்திய கடை அது. படத்தைத் துல்லியமாகக் காட்டும் புது டிஸ்க் வந்தபோது, ஒன்றாக வராமல் இரண்டு வகையாக வந்து தொலைத்தது. ஒன்று ப்ளூ-ரே. மற்றது எச்.டி. டிவிடி. ஒன்றின் பிளேயரில் இன்னொன்று ஓடாது.

"நிறையக் கொள்ளும், ப்ளூ-ரேதான் நிக்கும்" என்றார் சென்னியப்பன். "பிளேயர் விலை குறைச்சல், சனங்களுக்குப் பழகின பேரு, எச்.டி.தான் நிக்கும்" என்றான் மாப்பிள்ளை குழந்தைவேல். எங்கோ கடல் கடந்து பெரிய கம்பெனிகள் போட்ட சண்டையை இவர்கள் ஈரோட்டில் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்கள். கடைக்கு நடுவே பிளைவுட் தடுப்பு எழும்பியது. போர்டு இரண்டானது. பேச்சு நின்றது.

பிறகு எச்.டி. டிவிடியைக் கொண்டுவந்தவர்களே கையை விரித்துவிட்டார்கள். குழந்தைவேல் பக்கத்து ஷட்டர் இறங்கியது. அதற்குத்தான் இந்த மைசூர்பாகு.

அம்மை ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். "நெய் நல்லா இருக்குதுங்கண்ணா. உங்க பொண்ணு கோகிலாவுக்கு எப்ப கல்யாணம்?"

சென்னியப்பனின் முகம் கொஞ்சம் வாடியது. "வைகாசியிலீங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"கேளுங்க."

"தாய்மாமன் வந்து நெத்தியில பட்டம் கட்டின பொறவுதான் பொண்ணு மணவறைக்கு வரோணும். அது எங்க வழக்கம். அவனைப் போய்க் கூப்பிடுங்கன்னு சம்சாரம் அழுவுறா. மாமன் கட்டாத பட்டம் எனக்கு வேண்டாம்னு கோகிலா ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. காது குத்தறப்ப அவன் மடியில உக்கார்ந்தவ. இவளைவிட அவன்தான் சத்தமா அழுதான்."

"சரி."

"ஆனா நான் சொன்னதுதானுங்களே நடந்தது? சரியாச் சொன்னவன் போய், தப்பாச் சொன்னவன் வாசல்ல நிக்கிறதுங்களா? நீங்களே சொல்லுங்க."

"நீங்க வந்து கூப்பிடணும்னு அவரு கேட்டாரா?"

"அவனா? போன வாரம் பூக்காரர், நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு மாமன் மாலை அளவு கேக்க அவன்கிட்டப் போயிருக்காரு. 'சென்னியப்பனா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாது'ன்னுட்டானாம்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் மட்டும் சும்மா இருப்பேனுங்களா? உங்க மாப்பிள்ளை குழந்தைவேல் கடையைச் சாத்திட்டாராமேன்னு கடைவீதியில ஒருத்தர் கேட்டாரு. 'அப்படி யாரையும் எனக்கும் தெரியாது'ன்னு சொன்னேன். நல்லாக் கேக்கட்டும்னு சத்தமாவே சொன்னேன்."

சொல்லும்போது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அம்மை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கூடத்தில் ஒரு பெரிய டி.வி. இருந்தது. தலையில் 'உபயம்: சென்னியப்பன் – குழந்தைவேல்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. சேர்ந்திருந்த காலத்து உபயம். அதன் கீழே ஒரு எச்.டி. பிளேயர். அது குழந்தைவேல் போன வருஷம் தனியாகக் கொடுத்தது. பக்கத்திலேயே அவன் தந்த கடல் படத்து டிஸ்க்.

"உங்க பிளேயரையும் மாட்டுங்கண்ணா" என்றார் அம்மை.

சென்னியப்பன் உற்சாகமாக மாட்டினார்.

"இதைப் போடுங்க." அம்மை குழந்தைவேலின் டிஸ்க்கை நீட்டினார்.

"இது ஓடாதுங்கம்மா."

"போடுங்க, பாப்போம்."

போட்டார். பிளேயர் கொஞ்ச நேரம் உறுமியது. திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது.

"என்ன சொல்லுது?"

"'தெரியாத டிஸ்க்கு'ங்குதுங்க."

"உங்க டிஸ்க்கை அதுல போடுங்க."

சென்னியப்பன் பையிலிருந்து தன் டிஸ்க்கை எடுத்துக் குழந்தைவேலின் பிளேயரில் போட்டார். அதுவும் உறுமியது. அதுவும் ஒரு வரி எழுதியது.

"இது என்ன சொல்லுது?"

"இதுவும் அதையேதானுங்க சொல்லுது."

அம்மை இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுக்கச் சொன்னார். வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். விளிம்பு விலகாமல் பொருந்தியது. நடு ஓட்டையும் பொருந்தியது. சன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"இதுல எது உங்களது?"

சென்னியப்பன் வாங்கி, அச்சடித்த பெயரைப் படித்துவிட்டுத்தான் சொன்னார்.

"உள்ள என்ன வித்தியாசம்?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க. ரெண்டுக்கும் அதே நீல லேசர்தான். எழுதியிருக்கிற ஆழம்தான் வேற. இதுல மேலாக்க இருக்கும். அதுல கொஞ்சம் உள்ளார இருக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதானுங்க."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் இதே வேலையாக இருந்தும் இப்படி யோசித்ததில்லை. பிளேயரின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"கூத்தைப் பாருங்கம்மா. அதே அகலம், அதே வெளிச்சம். ஒரே கடையில அக்கம்பக்கமா அடுக்கி வெச்சிருந்தது. கூசாமத் தெரியாதுங்குது பாருங்க, கூறுகெட்ட மிஷினு!"

அம்மை மைசூர்பாகு டப்பாவை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"அதைத் திட்டாதீங்கண்ணா. அதுக்கு நிஜமாவே தெரியாது."