பவளத் தொட்டிக்குப் பட்ட கண்

கப்பல் ஏஜென்ட் தணிகாசலம் வீட்டில் உயிர்ப்பவளமும் மீனும் வளரும் கண்ணாடித் தொட்டியைக் கழுவும் ஜெசிந்தாமீது அநியாயமாகப் பழி விழுந்தது. சோப்புக் கையை விட்டு இறால்களைக் கொன்றாளாம், பவளங்களைச் சுருங்க வைத்தாளாம். தணிகாசலத்திடம் விசாரணை கிடையாது, நேரே தீர்ப்புதான்!

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பவளம் விரியல, நீ வேலைக்கே வராத!"

"சோப்புன்னா மீனும்லா செத்திருக்கணும், முதலாளி?" என்றவள், மணலைத் துழாவிப் பச்சை பூத்த செப்புத் தகடு ஒன்றை எடுத்தாள். திருஷ்டி கழியட்டும் என்று முதலாளியே போட்டது. தண்ணீரில் கரையும் செம்பு மீனை விட்டாலும் இறாலையும் பவளத்தையும் கொல்லாமல் விடாது.

தண்ணீரை மாற்றி, கரி வடிகட்டி வைத்தாள். ஞாயிறன்று பவளங்கள் விரிந்தன. தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"உசுரைக் காப்பாத்திட்டியேம்மா! உனக்கு நான் என்ன செய்யட்டும்?"

"அந்தத் தகட்டை உங்க கழுத்துல கட்டிக்கிடுங்க, முதலாளி. தொட்டிக்குக் கண்ணு பட்டா நான் பாத்துக்கிடுதேன்."