சந்தனமாரியின் வலது தோள்

"டீச்சர், எலும்பு கூடிருச்சு. இந்த ஞாயிறு நான் இறங்கலாமா?"

கேட்டவன் சந்தனமாரி. பகலில் உப்பு லாரி ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பளத்து கிரிக்கெட் டீமுக்கு ஆறு அடிப்பான். அவன் மட்டையைச் சுழற்றினால் பந்தைத் தேடிப் போவதற்கென்றே ஒரு சைக்கிளைத் தயாராக நிறுத்தியிருப்பார்கள்.

ஜெசிந்தா டீச்சர் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. சாயங்காலங்களில் இந்த டீமுக்குப் பயிற்சி கொடுப்பவர். மாரியைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் அவர் முன்னால் வந்தால் மாரி மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டுத்தான் நிற்பான்.

டீச்சர் மைதானத்து ஓரத்து ஷெட்டின் கூரை விளிம்பைக் காட்டினார். அங்கே ஒரு பந்து சிக்கியிருந்தது.

"அதை எடுங்க."

மாரி இடது கையை நீட்டினான்.

"வலது கையால."

வலது கை காது வரை போனது. அங்கேயே நின்றது. முகம் மட்டும் இன்னும் மேலே போக முயன்றுகொண்டிருந்தது.

"காது வரைக்கும் வருது டீச்சர்."

"பந்தைக் காதாலயா அடிப்பீங்க?"

மாரி கையை இறக்கினான்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மேட்சில் கடைசிப் பந்தை ஆறுக்கு அனுப்பி டீமை ஜெயிக்க வைத்தான். சந்தோஷத்தில் நாலு பேர் அவனைத் தோளில் தூக்கினார்கள். மாரியின் எடை தொண்ணூற்றெட்டு கிலோ. நாலு பேரில் ஒருவருக்குத் தும்மல் வந்தது. மாரியின் வலது தோள் முறிந்தது.

"நான் இல்லாம டீம் தவிச்சுப் போயிருக்கும் டீச்சர்."

"அஞ்சு மேட்ச் ஆடினாங்க. நாலு ஜெயிச்சாங்க."

மாரி தரையைப் பார்த்தான்.

"தெரியும் டீச்சர். அதுதான் தோளைவிட வலிக்குது."

டீச்சர் சிரிக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை வாங்க. டீம்ல உங்க பேர் இருக்கும். பேடு கட்டி, கிளவுஸ் மாட்டி, மட்டையோட எல்லைக்கோட்டுப் பக்கத்துல உட்காருங்க."

"எத்தனாவது ஆளா இறங்கணும்?"

"பதினொண்ணு."

மூன்றாவது ஆளாகவே இறங்கிப் பழகியவன் அவன். வாயைத் திறந்தான். டீச்சர் அவனைப் பார்த்தார். மூடிக்கொண்டான்.

அரையிறுதி, மில் டீமோடு.

மாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் மில் கேப்டன் அவன் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ இறங்கினார்கள்.

"மாரியை ஏன் இன்னும் இறக்கல?" என்று அம்பயரிடமே கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அம்பயர்.

ஆறாவது விக்கெட் விழுந்த கையோடு உப்பளம் ஜெயித்துவிட்டது.

மாரி பேடைக் கழற்றாமலே டீச்சரிடம் வந்தான்.

"ரெண்டு மணி நேரம் வெயில்ல வெந்துபோனேன். நாலு தம்ளர் மோர் குடிச்சேன். டீமுக்கு நான் செஞ்சது இதுதான்."

டீச்சர் ஸ்கோர் புத்தகத்தை நீட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். எட்வின். மில் டீமில் இருப்பதிலேயே வேகமாகப் பந்து வீசுகிறவன்.

"ஒருத்தர் எத்தனை ஓவர் போடலாம்?"

"நாலு."

"எட்வின் எத்தனை போட்டான்?"

"ரெண்டு."

"மிச்ச ரெண்டை யாருக்கு வெச்சிருந்தாங்க?"

மாரி யோசித்தான். தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"எனக்கா?"

டீச்சர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இறுதி ஆட்டம், படகுத்துறை டீமோடு.

இந்த முறை மாரி சும்மா உட்காரவில்லை. ஓவருக்கு ஒரு முறை எழுந்தான். இடது கையைச் சுழற்றினான். கிளவுஸ் பட்டையைப் பல்லால் இழுத்து இறுக்கினான். சூரியனைக் கண் சுருக்கிப் பார்த்தான், அதுவரைக்கும் பந்தை அனுப்பப் போகிறவன் மாதிரி.

"இன்னிக்கு எந்தக் கூரை உடையப் போவுதோ" என்றாள் மோர் விற்கிற அக்கா.

மாரி தன்னடக்கத்தோடு தலையாட்டினான்.

ஆனால் விக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. பத்தொன்பதாவது ஓவரின் கடைசிப் பந்தில் ஒரு ரன் அவுட். ஒன்பது பேர் போயாயிற்று. இன்னும் ஆறு பந்து, ஜெயிக்க ஏழு ஓட்டம். முதல் பந்தைச் சந்திக்க வேண்டியது மாரி.

அவனுக்கு வேர்த்தது.

"டீச்சர், நெசமாவே இறங்கணுமா?"

"பேடு கட்டியிருக்கீங்களே."

"கை தூக்க வராதே டீச்சர்."

டீச்சர் மைதானத்தைக் காட்டினார்.

மாரி எழுந்ததைப் பார்த்ததுமே படகுத்துறை கேப்டன் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். "பின்னால போ, இன்னும் பின்னால." ஆட்கள் ஒவ்வொருவராக எல்லைக்கோட்டுக்கு நகர்ந்தார்கள். ஒருவன் கோட்டைத் தாண்டி முள்செடிக்குள்ளேயே போய் நின்றுவிட்டான். அம்பயர் அவனைக் கூப்பிட்டு உள்ளே வரச் சொன்னார்.

முதல் பந்து. மாரி மட்டையை இடுப்புக்கு மேல் தூக்கவில்லை. தட்டினான். பந்து ஓரமாக நாற்பது அடி உருண்டு நின்றது. அதன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. மாரியும் அதை வேடிக்கை பார்த்தான்.

"ஓடுங்கண்ணே" என்றான் எதிர்முனையில் நின்றவன்.

மாரி ஓடினான். அந்த ஊர் அவன் ஓடிப் பார்த்ததில்லை. ஆறு அடிக்கிறவன் எதற்கு ஓடப் போகிறான்? இரண்டு ஓட்டம்.

அடுத்த பந்தில் இரண்டு. அதற்கடுத்ததில் இரண்டு.

மாரி மட்டையை ஊன்றிக் குனிந்து நின்றான். அவன் மூச்சு விடுவது அம்பயருக்குக் கேட்டது.

இன்னும் ஒரே ஓட்டம். மூன்று பந்து.

படகுத்துறை கேப்டனுக்கு இப்போது புரிந்துவிட்டது. எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்க நிற்கிற மாதிரி மாரியைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். தட்டினான், பந்து ஒருவன் காலில் போய் நின்றது. மறுபடி தட்டினான், உருண்டுபோய் இன்னொருவன் கையில் நின்றது.

கடைசிப் பந்து.

மாரி நிமிர்ந்தான். மட்டையை மெதுவாகத் தூக்கினான். தோள். காது. காதையும் தாண்டிப் போனது. வலியில் கண் சிவந்தது. பல்லைக் கடித்தான். தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வந்தது.

"ஏலே, அடிக்கப் போறாம்லே" என்றான் ஒருவன்.

ஆகப் பக்கத்தில் நின்றவன்தான் முதலில் பின்வாங்கினான். அவனைப் பார்த்து மற்றவர்களும். கேப்டன் ஒரு வார்த்தை சொல்வதற்குள் எல்லாரும் பாதி மைதானம் போயிருந்தார்கள். கேப்டனும்தான்.

பந்து வந்தது. அதற்குமேல் மாரியால் மட்டையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. அது தானாகக் கீழே இறங்கி வந்து பந்தைத் தொட்டது.

பந்து கொஞ்ச தூரம் போனது. மாரி ஓடிப்போய் எதிர்முனைக் கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்தான்.

அம்பயர் குனிந்து கோட்டைப் பார்த்தார். மாரியைப் பார்த்தார். ஓட்டம் சரி என்று தலையாட்டினார்.

ஊரே கத்திக்கொண்டிருந்தது. மாரி சட்டையெல்லாம் மண்ணோடு டீச்சர் முன்னால் வந்து நின்றான்.

"டீச்சர், ஒரு பந்துகூட எல்லையைத் தொடல."

"பார்த்தேன்."

"நான் திரும்பி வந்துட்டேனா? இல்ல, எல்லாரையும் ஏமாத்திட்டேனா?"

டீச்சர் கடைசி ஓவரை எழுதி முடித்துப் புத்தகத்தை மூடினார்.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பயிற்சிக்கு வந்துருங்க" என்றார். "ஓடுறது ரொம்ப மோசமா இருக்கு."