குட்டி நின்ற இடம்

முன்பு ஒரு வீட்டுப் பரணில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் கிறிஸ்துமஸ் குடிலின் மண் பொம்மைகள் வைக்கோலில் புதைந்து கிடந்தன. மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஓர் ஒட்டகம், படுத்திருக்கும் காளை, கழுதை, ஒரு தாயாடு. குழந்தை இயேசுவை மட்டும் பஞ்சில் சுற்றி அலமாரியில் தனியாக வைத்திருப்பாள் அந்த வீட்டுக்காரி சலேத்து.

தாயாட்டுக்கு ஒரு குட்டி இருந்தது. கட்டைவிரல் உயரம்தான். தாயின் இடப்பக்கம் ஒட்டிச் சாய்ந்தபடியே நிற்கும்.

ஒரு ஜனவரியில் குடிலைப் பிரிக்கும்போது கழுதை சரிந்து குட்டியின் மேல் விழுந்தது. அது தூள் தூளாகிவிட்டது. சலேத்தின் கணவன் இன்னாசி அதைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனான். கழுதைக்கும் முன்னங்கால் ஒன்று முழங்காலோடு போயிற்று.

அன்றிலிருந்து தாயாடு கழுதையோடு பேசவில்லை. பெட்டியின் இருட்டில் இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கும். அந்தப் பக்கத்து விலா மட்டும் சில்லென்று இருக்கும்.

அந்த வருஷமும் டிசம்பர் வந்தது. பெட்டி இறங்கியது. இடுப்பில் கைக்குழந்தையோடு சலேத்து ஒற்றைக் கையால் குடிலை அடுக்கினாள். எல்லாம் நின்றன, கழுதையைத் தவிர. கல்லை முட்டுக் கொடுத்தாள், விழுந்தது. காகிதத்தை மடித்து வைத்தாள், விழுந்தது.

"இது நிக்கவே மாட்டேங்குதுங்க."

"தூக்கிப் போடு. நொண்டிக் கழுதை எதுக்குக் குடில்ல?" என்றான் இன்னாசி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"பூசைக்குக் கிளம்பற நேரத்துல குப்பையில கை வைக்கச் சொல்றீங்களா? வந்து பாத்துக்கலாம். அப்பவும் கிடந்தா போட்டுடறேன்."

பஞ்சைப் பிரித்துப் பாலனை வைக்கோல் தொட்டிலான முன்னணையில் கிடத்தினாள். சின்ன விளக்கை ஏற்றினாள். சாயங்காலப் பூசைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள்.

சாவி திரும்பிய சத்தம் அடங்கியதும் ஒட்டகம் கழுத்தை நெட்டி முறித்தது. "என்ன கழுதையாரே, கேட்டுதா? ரெண்டு மணி நேரம்தான் உமக்கு."

கழுதை படுத்தபடியே காளையைப் பார்த்தது. "அண்ணே, உங்க மேல கொஞ்சம் சாஞ்சுக்கவா?"

"நானே படுத்துக் கிடக்கிறவன். என் மேல சாஞ்சா உன் மூஞ்சிதான் தரையில தேயும்."

ராஜாக்களைக் கேட்டது. "புதுசா வர்ணம் அடிச்சிருக்கு, ஒட்டிக்கும்" என்று அங்கியை இழுத்துக்கொண்டார்கள். ஒட்டகம் சிரித்தது. "போன தடவை நீ சாஞ்ச லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே!"

தாயாட்டின் முதுகுதான் கழுதைக்குச் சரியான உயரம். எல்லோருக்கும் அது தெரியும். யாரும் சொல்லவில்லை.

கழுதை அந்தப் பக்கம் பார்க்காமலே பேசியது. "உங்ககிட்ட நான் கேக்க மாட்டேன் அக்கா."

"கேக்காதே."

"சரி."

"ஒரு வருஷமா, மன்னிச்சிடுன்னு ஒரு வார்த்தை வரலையே உன் வாயிலேருந்து!" என்றது தாயாடு.

"எப்படி வரும்? குட்டி மூக்குல ஒரு கறுப்புப் பொட்டு வச்சிருந்தாங்க. கொஞ்சம் கோணலா. விழும்போது அதைப் பாத்துக்கிட்டேதான் விழுந்தேன். நிறுத்திக்க முடியலை. இப்பவும் கண்ணை மூடினா அந்தப் பொட்டுதான்."

தாயாடு திடுக்கிட்டது. ஆமாம், கோணல்தான். அந்தப் பொட்டை நினைவு வைத்திருக்க இன்னொரு ஜீவன் உண்டு என்று அது நினைத்ததே இல்லை. உடனே கோபம் இன்னும் பொங்கியது. மாதாவிடம் போய் நின்றது.

"மாதாவே, உங்க பிள்ளை உங்க முன்னாடி கிடக்கு. என் பிள்ளையை வாரிக்கிட்டுப் போயிட்டாங்க. நான் எப்படி அந்தக் கழுதைக்குத் தோள் கொடுப்பேன்?"

மாதா முன்னணையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவனையும் ஒருநாள் என்கிட்டேருந்து கொண்டுபோவாங்க. எனக்குப் பயமா இருக்கு. ராத்திரியெல்லாம் மூச்சு வருதான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். ஆனா கொண்டுபோறவங்களுக்காகவும்தான் இவன் வந்திருக்கான்."

"அவங்களை நீங்க மன்னிப்பீங்களா?"

"இப்பக் கேட்டா தெரியலைன்னுதான் சொல்லுவேன். எனக்குள்ள அது இல்லை. இவன் முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா இவன்கிட்டேருந்து வரும்னு நினைக்கிறேன்."

தாயாடு எட்டிப் பார்த்தது. பாலன் இரண்டு கைகளையும் விரித்துக் கிடந்தான். ஒரு கை தாயாட்டின் பக்கம் நீண்டிருந்தது. இன்னொரு கை, தரையில் கிடந்த கழுதையின் பக்கம். இரண்டுக்கும் ஒரே நீளம்.

தாயாடு பாலனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. பூசை முடிந்து ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கழுதை கண்ணை மூடிக்கொண்டது.

தாயாடு அதன் பக்கத்தில் போய் இடப்பக்கத்தைக் காட்டி நின்றது. வேறு யாரையும் ஒரு வருஷமாய் அண்டவிடாத பக்கம்.

"எழுந்திரு."

"அக்கா, அது குட்டியோட இடம்."

"எனக்குத் தெரியாதா? எழுந்திருடா. சாவி போடறாங்க."

கதவு திறந்தது.

"இங்க பாருங்க, நிக்குது!" என்றாள் சலேத்து.

"யாரு நிப்பாட்டினது? குட்டியை வைக்கிற இடமாச்சே அது?"

தூங்கிவிட்ட பிள்ளையை அவள் தோளில் இறுக்கிக்கொண்டாள். "இருக்கட்டுங்க."

அன்றைக்கும் தாயாடு பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தது. குட்டி இல்லை. சத்தமில்லாமல் அழுதுகொண்டு கழுதை நின்றிருந்தது.

பாரம் தாங்கவில்லைதான். ஆனாலும் தாயாடு இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றுகொண்டது.