மஞ்சள் பட்டையைக் கொத்திய வாலாட்டிக் குருவி

நாவல்காட்டு ஏரியின் கரையோரத்தில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. யானையின் முழங்கால் என்றது யானை. இல்லை, என் முழங்கால்தான் என்றது முயல். கோடை வந்தால் அந்தக் காட்டில் ஆளுக்கு ஓர் அளவு சொல்லிச் சண்டை போடுவார்கள்.

சண்டை வேண்டாம் என்றுதான் ஏரிக்கரையில் ஓர் அலுவலகம் வைத்திருந்தார்கள். எப்போதோ மனிதர்கள் விட்டுவிட்டுப் போன ஓட்டுக் கட்டடம். அதில் ஒரு கணினி. கணினியில் நீர்முறைக் கோப்பு. கோப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினால் போதும். யாருடைய முறையோ அவர்கள் பக்கத்து மதகு தானாகத் திறக்கும். மற்ற மதகுகள் தானாக மூடிக்கொள்ளும்.

தானாக எப்படி? கோப்புக்குள் மேக்ரோ என்று ஒன்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாத வேலையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய், அதைச் செய் என்று முன்னாலேயே எழுதிவைத்துவிட்டால், சொன்னதைச் சொன்னபடி செய்து முடிப்பான். நல்லவர் எழுதிவைத்தால் நல்லது செய்வான். கெட்டவர் எழுதிவைத்தால்? அதையும் அதே சுறுசுறுப்போடு செய்வான்!

அதனால்தான் மேக்ரோ உள்ள கோப்பைத் திறந்தால் திரையின் மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்து நிற்கும். "பாதுகாப்பு எச்சரிக்கை! மேக்ரோக்கள் முடக்கப்பட்டுள்ளன" என்று அதில் எழுதியிருக்கும். பக்கத்திலேயே 'இயக்கு' என்று ஒரு பொத்தானும் இருக்கும்.

அந்த அலுவலகத்தில் மேலதிகாரி உடும்பு. அது எதையாவது பிடித்தால் விடாது. கூரை மூலையில் சிலந்தி. நீர்முறைக் கோப்பின் மேக்ரோவை இழை இழையாகப் பின்னிக் கொடுத்தது அதுதான். கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பது வாலாட்டிக் குருவி. உட்கார்ந்து என்று சொன்னது தப்பு. அது எங்கே உட்கார்ந்தது! மேசையில் ஓர் ஓட்டம், நாற்காலியில் ஓர் ஓட்டம், மறுபடியும் மேசையில் ஓர் ஓட்டம். வால் மட்டும் நிற்கவே நிற்காது.

வாலாட்டியிடம் ஒரு பழக்கம் உண்டு. மஞ்சளாக எது தெரிந்தாலும் புழு என்று கொத்திவிடும். குஞ்சாக இருந்தபோதே வந்த பழக்கம். திரையில் மஞ்சள் பட்டை வந்தால் கேட்க வேண்டுமா? டொக்! 'இயக்கு' பொத்தானில் ஒரே கொத்து. படிப்பதெல்லாம் கிடையாது.

அதைப் படிக்கத்தான் யார் விட்டார்கள்? தினமும் எல்லாரும் தங்களுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கோப்பு அனுப்புவார்கள். மயிலின் கோப்பைத் திறந்தால் ஒரு மயில் படம் தோகை விரித்து ஆடும். அதற்கு ஒரு மேக்ரோ. குரங்குகளின் கோப்பில் வாழைப்பழம் உருண்டு உருண்டு வரும். அதற்கும் ஒரு மேக்ரோ. தண்ணீர்க் கணக்கைக் கேட்டால் வேடிக்கை காட்டுகிறார்கள்! ஒவ்வொரு வேடிக்கைக்கும் ஒரு மஞ்சள் பட்டை. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு டொக். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதவரை எல்லாருக்கும் தைரியம்தான்.

அன்று காலையிலேயே தவளை வந்து ஜன்னலில் ஒட்டிக்கொண்டது.

"குருவியம்மா, என் முறை வந்துடுச்சா?"

"வரும், வரும்! மான்கள் குடிச்சு முடிச்சதும் உனக்குத்தான்."

"குட்டையில சேறுதான் மிச்சம். பிள்ளைங்களுக்கு இன்னும் கால் முளைக்கல. கால் இருந்தா குதிச்சாவது ஏரிக்கு வந்து சேர்ந்துடும். வாலை வெச்சுக்கிட்டு அதுங்க எங்கே போகும்? உச்சிவெயிலுக்குள்ள தண்ணி வரலைன்னா..."

தவளை குட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

வாலாட்டிக்குப் பதறியது. அதுவும் குஞ்சு பொரித்து வளர்த்த பறவைதானே. ஜன்னல் வழியாக மான்களைப் பார்த்துக் கத்தியது. "சீக்கிரம் குடிங்க! குடிச்சுட்டு அப்புறம் அழகு பாருங்க!"

இதையெல்லாம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது நீர்நாய். ஆற்றுப் பக்கத்து ஆசாமி. ஏரி மீன்கள் மேல் அதற்கு ரொம்ப நாளாகக் கண். நடு ஏரியின் ஆழத்தில் மீன்கள் பதுங்கிக்கொண்டதால் வாய்க்கு எட்டவில்லை. கணினி வேலையும் அதற்குக் கொஞ்சம் தெரியும்.

"என்னம்மா, ரொம்ப வேலையா?" என்று குழைந்தது நீர்நாய்.

"பார்த்தா தெரியலையா?" டொக்!

"அது என்ன மஞ்சளா வந்துட்டுப் போச்சு?"

"அதுவா? சும்மா வரும். ஒரு கொத்து கொத்தினா போயிடும்."

"யார் அனுப்பினாங்கன்னு பார்க்க வேண்டாமா?"

"அதைப் பார்த்துட்டிருந்தா பொழுது போயிடும்!" டொக்!

"சரியாச் சொன்னீங்க!" என்றது நீர்நாய். மீசையைத் தடவிக்கொண்டே ஆற்றுப் பக்கம் போனது.

வெயில் ஏறியது. மான்கள் இன்னும் குடித்துக்கொண்டிருந்தன. வாலாட்டி ஜன்னலுக்கு ஓடும், திரைக்கு ஓடும், தவளையின் முகத்தைப் பார்க்கும், மறுபடியும் ஓடும். அப்போது ஒரு புதுக் கோப்பு வந்து விழுந்தது. "அவசரம்! குட்டைக்கு உடனே தண்ணீர் வேண்டும்! இப்படிக்கு, தவளை" என்று அதன் தலைப்பில் இருந்தது.

"வந்துடுச்சு! உன் கோப்பு வந்துடுச்சு!" என்று வாலாட்டி துள்ளியது.

ஜன்னலில் இருந்த தவளை விழித்தது. "என் கோப்பா? நான் எந்தக்..."

"பேசாதே! உன் வேலையைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்!"

"இல்ல குருவியம்மா, நான் அனுப்..."

"அட, சும்மா இரு! வெயில் ஏறுது பார்!"

மஞ்சள் பட்டை வந்தது. டொக்!

பாருங்கள் கூத்தை! அனுப்பியதாக எழுதியிருந்த தவளை, சிறகை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்கக்கூட வேண்டாம், சொல்ல விட்டிருந்தாலே போதும். அவசரக்காரர்களுக்குக் காது எங்கே இருக்கிறது?

கிர்ர்ரென்று ஒரு சத்தம். குட்டைப் பக்கத்து மதகிலிருந்து அந்தச் சத்தம் வரவில்லை. ஆற்றுப் பக்கத்துக் கிழக்கு மதகு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. முழுசாகத் திறந்து நின்றது.

மான்கள் வாய் வைத்திருந்த தண்ணீர் பின்னால் போனது. நடு ஏரியில் பதுங்கியிருந்த மீன்கள் தண்ணீரோடு தண்ணீராக மதகுக்குள் இழுபட்டன. மறுபுறம் வாய்க்காலில் நீர்நாயும் அதன் சொந்தபந்தங்களும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த மாதிரி அப்படி ஒரு பொறுமை!

"ஏரி போகுது! ஏரி போகுது!" என்று காடே கத்தியது.

காட்டெருமை ஓடி வந்தது. அதற்கு வேறு யோசனை தோன்றவில்லை. மதகு வாயில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் நின்றது. ஆனால் ஏரியில் பாதி போய்விட்டது, மீன்களும் போய்விட்டன.

உடும்பு அலுவலகத்துக்குள் பாய்ந்து வந்தது. "யார் செஞ்ச வேலை இது?"

வாலாட்டியின் வால் அன்றுதான் முதல்முறையாக நின்றது. "நான்தான் சார். படிக்காம கொத்திட்டேன். தவளை பேர்ல யாரோ அனுப்பியிருக்காங்க."

"இனிமே இந்த அலுவலகத்தில எந்த மேக்ரோவும் ஓடக்கூடாது! அந்த மஞ்சள் பட்டையும் வரக்கூடாது! எல்லாத்தையும் முடக்கு!" என்றது உடும்பு. சொன்னதோடு நிற்கவில்லை. தானே எல்லா மேக்ரோவையும் முடக்கிவிட்டு, யாரும் அதை மாற்றிவிடாதபடி மவுஸ் மேல் படுத்து நான்கு காலாலும் கட்டிப் பிடித்துக்கொண்டது. உடும்புப்பிடி என்றால் அதுதான்.

வாலாட்டி பதைபதைத்து நீர்முறைக் கோப்பைத் திறந்தது. பொத்தானைக் கொத்தியது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் கொத்தியது. உள்ளே இருந்த நல்ல வேலையாளையும் சேர்த்துக் கட்டிப்போட்டாயிற்றே! கிழக்கு மதகை மூடவும் வழியில்லை. குட்டைக்குப் போகும் கீழ்மதகைத் திறக்கவும் வழியில்லை. அது ஏரிக்கு அடியில் இருந்தது. யானையின் தும்பிக்கைகூட எட்டாது.

"எவ்வளவு நேரம்யா நான் இப்படியே உட்கார்றது? பின்பக்கம் மரத்துப் போச்சு!" என்று மதகிலிருந்து எருமை கத்தியது.

"எழுந்துடாதீங்க அண்ணே! எழுந்தா எல்லாம் போயிடும்!" என்று முயல் கரையில் அங்கும் இங்கும் ஓடியது.

தவளை குட்டைக்கு ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அதன் உடம்பெல்லாம் காய்ந்த சேறு.

"ஓரத்தில இருந்த பிள்ளைங்க அசையல" என்றது. "நடுவுல இருக்கிறதுங்க இன்னும் மூச்சு விடுது. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"சார், மவுஸை விடுங்க!" என்று வாலாட்டி கெஞ்சியது.

"முடியாது! ஒரு தடவை பட்டது போதும்!"

தவளை ஒரே தாவாகத் தாவி உடும்பின் மூக்கு மேல் உட்கார்ந்தது. "திருடன் வந்துட்டுப் போனான்னு வீட்டு ஆளுங்களையும் வெளியே நிறுத்தி வைப்பீங்களா? வந்திருக்கிறது யாருன்னு கேட்டுட்டுக் கதவைத் திறங்க சார்! என் பிள்ளைங்க சாகுது!"

உடும்பு தவளையின் கண்ணைப் பார்த்தது. அவ்வளவு கிட்டத்தில் அழுகிற கண்ணை அது பார்த்ததே இல்லை. ஒரு விரலைத் தளர்த்தியது. பிறகு இன்னொன்று. அதன் ஆயுளில் பிடித்ததை விட்டது அன்று ஒரு தடவைதான்.

வாலாட்டி முடக்கியதை மாற்றி, எச்சரிக்கை வரும்படி வைத்தது. நீர்முறைக் கோப்பைத் திறந்தது. மஞ்சள் பட்டை வந்து நின்றது. அலகு தானாக முன்னால் போனது. பாதியில் நின்றது. முதல்முறையாக அந்தப் பட்டையில் இருந்த எழுத்துகளைக் கடைசிவரை படித்தது. பிறகு தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தது.

"சிலந்தியக்கா! இந்த மேக்ரோ நீங்க பின்னினதுதானா? நடுவுல வேற யாராவது கை வெச்சிருக்காங்களா, பாருங்க!"

சிலந்தி சரசரவென்று நூலில் இறங்கி வந்தது. உள்ளே எழுதியிருந்ததை மேலிருந்து கீழாக ஓடிப் பார்த்தது.

"என்னோடதுதான். ஒரு இழைகூட மாறல. கொத்து! காலையில வந்ததையும் காட்டியிருந்தா, அது நம்ம பின்னல் இல்லைன்னு அப்பவே சொல்லியிருப்பேன். என்னைக் கேட்டாத்தானே!"

டொக்!

கிழக்கு மதகு இறங்கியது. "ஐயோ, என் வால்!" என்று எருமை துள்ளி எழுந்தது. கீழ்மதகு திறந்தது. தண்ணீர் குட்டையை நோக்கி ஓடியது. தவளை அதற்கு முன்னால் ஓடியது.

நடுவில் கிடந்த குஞ்சுகள் தண்ணீர் பட்டதும் நெளிந்தன, நீந்தின, அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஓரத்தில் கிடந்தவை தண்ணீரில் மிதந்தன. அவை நீந்தவில்லை.

தவளை அவற்றின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. வாலாட்டியும் வந்து நின்றது. அதற்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நீ சொல்லத்தான் வந்தே. நான்தான் சொல்ல விடல."

தவளை திட்டவில்லை. "அடுத்த தடவை விடு" என்று மட்டும் சொன்னது.

அதற்குப் பிறகு ஆட்டம் போடும் கோப்புகளுக்கு அலுவலகத்தில் இடமில்லை. "ஆடணும்னா நேர்ல வந்து ஆடுங்க!" என்று மயிலிடம் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மஞ்சள் பட்டை வருவது குறைந்தது. எப்போதாவது வந்தால் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஒருநாள் அப்படி ஒன்று வந்தது. "மிக மிக அவசரம்! இப்படிக்கு, மயில்." வாலாட்டியின் வால் படபடவென்று அடித்தது. ஆனாலும் அலகை அடக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடியது.

"மயிலண்ணே! ஏதாவது கோப்பு அனுப்பினீங்களா?"

"நானா? இல்லையே! நீங்கதானே வேண்டாம்னீங்க!" என்று மரத்திலிருந்து முறைப்பாகப் பதில் வந்தது.

வாலாட்டி அந்தக் கோப்பை அப்படியே அழித்துப்போட்டது. கிழக்கு வாய்க்காலில் நீர்நாய் சாயங்காலம் வரை வாயைத் திறந்தபடி காத்திருந்தது. அதன் வாய்க்குள் கொசுதான் போனது.

எச்சரிக்கையைப் படிக்காமல் தள்ளிவிடுபவரும் கெடுவார், அதற்குப் பயந்து நல்ல வேலையையே நிறுத்திவிடுபவரும் கெடுவார். இது நீங்கள் அனுப்பியதுதானா என்று உரியவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு தொடுபவரே தன்னையும் தன்னை நம்பியவரையும் காப்பார்.