பிரின்சியின் முப்பத்தொரு கேள்விகள்

“ஆள் வரட்டும், ஆள் வரட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தோம்னா…” என்று பால்துரையின் பெரியப்பா ஏதோ சொல்வார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். மிச்சம் பால்துரைக்கு மறந்துவிட்டது. ஊரே இருட்டில் கிடக்கும் என்று முடிப்பாரா, நாமே கம்பத்தில் ஏற வேண்டியதுதான் என்று முடிப்பாரா, நினைவில்லை. மஸ்கட்டில் பதினேழு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்ததில் பெரியப்பாவின் பாதிப் பேச்சு உதிர்ந்துவிட்டது.

பால்துரை ஊர் திரும்பி, மோட்டார் காயில் கட்டும் கடை வைத்த வருஷம் மகள் பிரின்சி எட்டாம் வகுப்பு. அந்த வருஷம்தான் அவளுடைய பள்ளிக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே மட்டைகள், கையுறைகள், கொய்யாப்பழத்தைவிடப் பெரிய மஞ்சள் பந்துகள். சாப்ட்பால், பேஸ்பால் மாதிரி ஓர் ஆட்டம். பெட்டியை அனுப்பியவர்கள், சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்பவில்லை.

பிரின்சிக்குப் பந்து எறிவதில் ஆசை விழுந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் அதற்குப் பிட்ச்சிங் என்று பெயர். கையைத் தோளிலிருந்து முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்பருகே வரும்போது பந்தை விட வேண்டும். செல்போனில் பார்த்துப் பார்த்து எறிந்தாள். பந்து ஒரு நாள் கொடிக்கம்பத்துக்குப் போகும், ஒரு நாள் சத்துணவுக் கூடத்துக்குப் போகும்.

பால்துரை பி.டி. டீச்சரைத் தேடிப் போனார். சண்முகக்கனி டீச்சர் கோ-கோ ஆடியவர். பால்துரையைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“டீச்சர், இதுக்குக் கோச் எங்க கிடைப்பாங்க?”

டீச்சர் பெட்டிக்குள் கைவிட்டு, இருப்பதிலேயே பெரிய கையுறையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

“எங்க?”

“அந்தா, அங்க. குத்தவச்சு. அவ எறியட்டும், நீங்க பிடிங்க.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதே.”

“எனக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. மூணு பேரும் ஒரே வகுப்புதான்.”

பால்துரை குத்தவைத்தார். எட்டு மாதம், கடை திறக்கும் முன் தினமும் குத்தவைத்தார். நெஞ்சில் ஒரு பந்து, முழங்காலில் ஒரு பந்து வாங்கினார். சுண்டுவிரல் வீங்கியது. மதிலுக்கு வெளியே டீக்கடை பெஞ்சிலிருந்து சத்தம் வரும்.

“மஸ்கட்காரரே! அங்க சம்பாதிச்சது முட்டிக்கு எண்ணெய் வாங்கக் காணுமாவே?”

“காணலைன்னா உம்மகிட்ட வாரேன். எண்ணெய் வழிஞ்சுகிட்டுதான இருக்கீரு!”

பந்து மெல்ல மெல்ல கையுறைக்கு வர ஆரம்பித்தது.

பிரின்சி ஒரு நோட்டு வைத்திருந்தாள். அட்டையில் ‘கோச் வந்ததும் கேட்க வேண்டியவை’ என்று எழுதியிருந்தாள். எறியும்போது தோன்றும் சந்தேகத்தை எல்லாம் எண் போட்டு எழுதி, கீழே நாலு வரி இடம் விடுவாள், பதிலுக்கு. எட்டு மாதத்தில் முப்பத்தொரு கேள்வி சேர்ந்தது.

மாவட்டத் தேர்வுக்குப் படிவம் வந்தது. தலைமையாசிரியை முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார். ஒரு கட்டம் மட்டும் காலி. பயிற்சியாளர் பெயர். அதன் கீழே, சான்றிதழ் எண்.

டீச்சர் மாவட்ட ஆபீசுக்குப் போன் போட்டு விசாரித்தார். கட்டம் காலியாக இருந்தால் பிள்ளையைத் தேர்வுக்கு உள்ளேயே விடமாட்டார்களாம். சான்றிதழ் வைத்திருக்கும் பூபாலன் சார் பெயரைப் போடுங்கள், எல்லாப் பள்ளிக்கூடமும் அதைத்தான் செய்கிறது என்றார்களாம்.

கடைசி நாள் மத்தியானம் பூபாலன் சார் தாமாகவே பைக்கில் வந்து இறங்கினார். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில், பளபளக்கும் ஷூ.

“அண்ணாச்சி, நம்ம பக்கத்துல சாப்ட்பாலுக்குச் சர்டிபிகேட் வச்சிருக்கிற ஆளு எத்தனைங்கீய? ரெண்டே பேரு. ஒண்ணு நான். இன்னொருத்தன் துபாய்ல சூப்பர்மார்க்கெட்ல நிக்கான்.”

“நீங்க வந்து சொல்லிக்கொடுத்தா…” என்றார் பால்துரை.

“பதினாலு ஸ்கூல் அண்ணாச்சி. எந்த ஸ்கூலுக்குன்னு போவேன்? பேரு தாரேன். காசு கீசு ஒண்ணும் வேண்டாம். பிள்ள ஜெயிச்சா, பேப்பர்க்காரன் கேட்டா, என் பேரைச் சொல்லட்டும். அம்புட்டுதான். நான் என்ன துரோணரா, கட்டைவிரலையா கேக்கேன்?”

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூபாலன் அவரைப் பார்த்துச் சொன்னார்.

“டீச்சருக்குப் பிடிக்கலைபோல. நான் பேரு தரலைன்னா எத்தனை பிள்ளைய கேட்டுக்கு வெளியவே நின்னிருக்கும், தெரியுமா?”

அதில் பொய் இல்லை. பால்துரைக்கு அதுதான் சங்கடம்.

கோச் வந்திருக்கிறார் என்று யாரோ சொல்ல, பிரின்சி வகுப்பிலிருந்து ஓடிவந்தாள். மூச்சிரைத்தது. கையில் நோட்டு. முதல் பக்கத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, இரண்டையும் இரண்டு கையாலும் நீட்டினாள்.

பூபாலன் சிரித்தார். “பாருங்க, பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை!” நோட்டை வாங்கி பைக் சீட்டில் வைத்தார். முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் மேலேயே சாய்த்து, பெரிதாக, ‘வெற்றி பெற வாழ்த்துகள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

பிரின்சி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சார், பந்து கடைசியில கீழ இறங்கணும்னா எந்த விரலை முதல்ல விடணும்?”

“அதெல்லாம் போகப் போகத் தானா வரும்மா.”

ஒரு விசிட்டிங் கார்டை பால்துரையின் சட்டைப் பையில் செருகினார். “சர்டிபிகேட் நம்பர் அதுல இருக்கு. அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல சேத்துருங்க.” பைக் கிளம்பிப் போனது. இன்னொரு பள்ளிக்கூடம் இருந்தது அவருக்கு.

பிரின்சி அப்பாவிடம் வந்தாள்.

“ஒண்ணுக்குக்கூட பதில் எழுதலப்பா.”

“பெரிய ஆளு. அவசரமாப் போறாரு.”

“என்னைக் கேட்டா, யாரு சொல்லிக்கொடுத்தான்னு சொல்லட்டும்?”

பால்துரை சட்டைப் பையிலிருந்த கார்டைத் தொட்டுப் பார்த்தார். அவள் நோட்டை அப்பாவின் கையில் திணித்துவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு சுவரை நோக்கிப் போனாள். சுவரில் பந்து மோதும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

மணி மூன்றேகால். பஸ் மூன்றே முக்காலுக்கு. பால்துரை படிவத்தை மேசைமேல் விரித்தார். கார்டைப் பக்கத்தில் வைத்தார். பேனாவைத் திறந்தார்.

“டீச்சர், நீங்களே சொல்லுங்க. இந்தக் கட்டத்துல என்ன எழுத?”

டீச்சர் அவர் கக்கத்திலிருந்த நோட்டை உருவினார். கையெழுத்துப் போட்ட பக்கத்தைத் தள்ளினார்.

“ஏழாவது கேள்வி. ‘பந்து மேல மேல போகுது. ஏன்?’”

“என்னைய எதுக்குக் கேக்கீய டீச்சர்? நேரமாகுது.”

“ஏன் மேல போகுது, அண்ணாச்சி?”

“லேட்டா விடுதா. கை இடுப்பைத் தாண்டிப் போன பெறவு விடுதா. அதான்.”

டீச்சர் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, பிரின்சி விட்டிருந்த நாலு வரியில் அதை எழுதினார்.

“பதிமூணு. ‘மெதுவா எறிஞ்சா குறி தப்பல. வேகமா எறிஞ்சா தப்புது.’”

“வேகம்னு நெனச்ச உடனே மூச்சைப் பிடிச்சுக்கிடுதா. தோளு இறுகிப்போவுது. எதுத்தாப்புல உக்காந்து பாத்தா தெரியும், கழுத்து நரம்பு புடைக்கும். ‘ஏட்டி, மூச்சை விடு’ம்பேன். விட்டான்னா பந்து நேரா வந்துரும்.”

டீச்சர் எழுதினார். பதினாறு. பத்தொன்பது. இருபத்திரண்டு. கேட்கக் கேட்க பால்துரை சொன்னார். சிலதற்கு எழுந்து நின்று கையைச் சுழற்றிக் காட்டினார். ஒன்றுக்கு, வீங்கி ஆறிய சுண்டுவிரலைக் காட்டி, “இதுதான் பதிலு” என்றார். டீச்சர் சிரித்துக்கொண்டே அதையும் எழுதினார்.

“முப்பத்தொண்ணு. இப்ப அவர்கிட்ட கேட்டாளே, அது. ‘பந்து கடைசியில கீழ இறங்க, எந்த விரலை முதல்ல விடணும்?’”

 பால்துரை வெறும் விரல்களை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார்.

“தெரியல டீச்சர். ஒவ்வொரு விரலா மாத்தி எறியச் சொல்லணும். நாளைக்கு வெள்ளனே உக்காந்து பாத்துட்டுச் சொல்லுதேன்.”

டீச்சர் அதையும் எழுதினார். வார்த்தை பிசகாமல் எழுதினார். நோட்டை மூடினார்.

“சர்டிபிகேட் இல்லைன்னு திருப்பி அனுப்பிருவாங்களே டீச்சர். பிள்ள வாசல்ல நிப்பாளே.”

“நிக்கட்டும். நானும் கூட நிக்கேன். உள்ள இருக்கிறவங்க வெளிய வந்து பதில் சொல்லட்டும்.”

“அவரு பேரைப் போட்டா நேரா உள்ள போயிருவா.”

“போவா. முப்பத்தொரு கேள்வியையும் அவர்கிட்டதான கேட்டா? நாளைக்குப் பாத்துச் சொல்லுதேன்னு அவரு சொல்லியிருந்தா, நானே அவரு பேரை எழுதியிருப்பேன் அண்ணாச்சி.”

டீச்சர் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

பால்துரை, பயிற்சியாளர் பெயர் என்ற கட்டத்தில் ‘ஞா. பால்துரை’ என்று எழுதினார். சான்றிதழ் எண் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினார்.